வளையமும் வாயிற்சீட்டும்

ஊர் ஒன்றுக்குள் நுழையச் சீட்டு வாங்கினோம்!

திரைப்படக் கொட்டகைக்குச் சீட்டு வாங்கியிருக்கிறோம். சர்க்கஸ் கூடாரத்துக்கு வாங்கியிருக்கிறோம். புலியையும் கரடியையும் கூண்டில் வைத்துக் காட்டும் உயிர்க்காட்சிச் சாலைக்கு வாங்கியிருக்கிறோம். மனிதர் குடியிருக்கும் ஊருக்குள், அடுப்பெரியும் வீடும் அழும் குழந்தையும் உள்ள ஊருக்குள், காசு கொடுத்துச் சீட்டு வாங்கி நுழைந்தது அதுவே முதல் முறை. வாங்கும்போது கை கூசியது. கூசிய கை சீட்டைத் திருப்பித் தரவில்லை என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். பிறர்மீது குற்றம் சாட்ட வருகிறவர்கள், தாங்கள் மட்டும் சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டு தப்பிவிடுவது நேர்மையாகாது.

அந்த ஊர் தாய்லாந்து நாட்டின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. மே ஹாங் சோன் என்பது மலைகள் சூழ்ந்த சிறு நகரம். அங்கிருந்து ஓடையை ஒட்டிச் செல்லும் பாதையில் சென்றால் ஹுவாய் சுவா தாவ் என்னும் சிற்றூர். அதற்கு அப்பால் மலை. மலைக்கு அப்பால் பர்மா.

ஊர் என்று சொன்னோம். கண்ணுக்குத் தெரிந்ததோ கடைத்தெரு. மூங்கில் தட்டிகளால் ஆன கடைகள். கடைக்குப் பின்னால் வீடு. கடைதோறும் கைத்தறித் துண்டுகள், மரத்தில் செதுக்கிய பாவைகள், பித்தளைக் காப்புகள். கடைதோறும் ஒரு பெண். அவள் கழுத்தில், தோளிலிருந்து தாடைவரை, பளபளக்கும் பித்தளைச் சுருள். வந்தவர்களில் பலர் துண்டின் விலையைக் கேட்கவில்லை. பாவையின் வேலைப்பாட்டைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தார்கள், கைப்பேசியை உயர்த்தினார்கள், படம் பிடித்தார்கள், அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள்.

ஒரு கடையின் முன் மட்டும் கூட்டம் இல்லை. அங்கே இருந்தவள் இளம்பெண். அவள் கடைத் துண்டுகள் மற்றக் கடைத் துண்டுகளுக்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. நிறம் இருந்தது, நேர்த்தி இருந்தது, உழைப்பு இருந்தது. அவள் கழுத்தில் வளையம் மட்டும் இல்லை! வந்தவர்கள் ஒரு நொடி பார்த்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் போல முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். கொடுத்த காசுக்குச் சரக்கு குறைந்துவிட்டது என்று எண்ணினார்கள் போலும்!

திரும்பிய அந்த முகங்கள்தாம் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டின. ஒரு பெண் தன் கழுத்தைத் தன் விருப்பம்போல் வைத்துக்கொண்டாள். அதற்கு அவளுக்குக் கிடைத்த தண்டனை, விற்காத துண்டு. தண்டனை விதித்தது யார்? ஊர்ப் பெரியவர்களா? பூசாரியா? அரசாங்கமா? இல்லை, தோழர்களே! சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தவர்கள்!

இந்த மக்கள் யார்? கயான் என்பது இவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். பதாவுங் என்பது அண்டையிலிருந்த ஷான் மக்கள் இட்ட பெயர். 'நீண்ட கழுத்துக்காரிகள்' என்பது சுற்றுலா விளம்பரம் ஒட்டிய பெயர். மூன்றில் எது உலகத்துக்குத் தெரிந்திருக்கிறது என்று பாருங்கள். மனிதர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் மறைந்தது; விற்பவன் ஒட்டிய பெயர் நிலைத்தது.

இவர்களின் தாயகம் பர்மாவின் கயா மாநிலமும் அதை அடுத்த ஷான் நிலப்பகுதியும். மலைச்சரிவில் பயிரிட்டுப் பிழைத்த உழவர்கள். பலர் கிறித்துவ சமயத்தைத் தழுவியவர்கள். 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் பர்மியப் படைக்கும் கரென்னிப் போராளிகளுக்கும் நடந்த போர் இவர்களை ஊரைவிட்டு விரட்டியது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லை கடந்தார்கள். உடன் ஓடிவந்த மற்றக் கரென்னி மக்கள் அகதி முகாம்களில் அடைக்கலம் புகுந்தார்கள். வளையமணிந்த பெண்களைக் கொண்ட குடும்பங்கள் பல, முகாமுக்கு வெளியே தனித்தனிச் சிற்றூர்களில் குடியேறின. நை சோய், ஹுவாய் சுவா தாவ், ஹுவாய் பூ கெங் என்பன அப்படி உண்டான ஊர்கள். முகாமின் வாயில் சுற்றுலாப் பயணிக்குத் திறப்பதில்லை. இந்த ஊர்களின் வாயிலோ அவனுக்காகவே திறக்கிறது!

பர்மா என்றதும் தமிழ் நெஞ்சில் வேறொரு நினைவு எழும். 1942இல் குண்டுமழைக்குத் தப்பி, காடும் மலையும் கால்நடையாகக் கடந்து வந்தவர்கள் நம்மவர். 1962இல் அங்கே படைத்தலைவர் ஆட்சி வந்த பிறகு, கடையையும் காசையும் பறிகொடுத்துக் கப்பலேறி வந்தவர்களும் நம்மவர். அவர்கள் பிழைக்கச் சென்னையில் 1969இல் பர்மா பஜார் உண்டாயிற்று. அங்கே நாம் பொருளைப் பார்த்தோம், விலை பேசினோம், வாங்கினோம். கடைக்காரரைப் பார்க்க யாரும் சீட்டு வாங்கவில்லை. அவர்களை ஏற்றுக்கொள்ள ஒரு நாடு இருந்தது. அகதியாக வந்தவர் குடிமகனாக நிமிர முடிந்தது. கயான் பெண்ணுக்கு அந்த நாடு வாய்க்கவில்லை. கடை கிடைத்தது, ஆனால் கடையில் முதற்சரக்காக அவளே உட்கார வேண்டியதாயிற்று. ஒரே பர்மாவிலிருந்து வெவ்வேறு காலத்தில் விரட்டப்பட்ட இருவகை மனிதர். குடியுரிமை என்ற ஒன்று இருப்பதும் இல்லாததும் அவர்கள் வாழ்வை எவ்வளவு தூரம் பிரித்துவிட்டது!

இனி அந்த வளையத்தைப் பார்ப்போம். தனித்தனி வளையங்களை அடுக்கியதுபோல் தோன்றினாலும் அது ஒரே பித்தளைக் கம்பியை வளைத்துச் சுற்றிய சுருள். பெண் குழந்தைக்கு ஐந்து வயது அளவில் முதற்சுருளை ஏற்றுவார்கள். வளர வளர, பழையதைக் கழற்றி நீளமானதைச் சுற்றுவார்கள். கழுத்து நீள்வதாகப் பார்ப்பவர் எண்ணுகிறார். உண்மையில் கழுத்து நீள்வதில்லை. பித்தளையின் சுமை தோள்பட்டை எலும்பைக் கீழே அழுத்துகிறது. விலா எலும்புகளை ஒடுக்குகிறது. தோள் தாழ்வதால் கழுத்து உயர்ந்ததாகக் கண் மயங்குகிறது. கழற்றினால் கழுத்து ஒடிந்து விழுந்துவிடும் என்பது வழிகாட்டிகள் அளந்துவிடும் கதை. கழற்றிய பெண்கள் இருக்கிறார்கள். சில நாள் வலித்தது, தோலின் நிறமாற்றம் மறையக் காலம் பிடித்தது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் ஏன் வந்தது? புலி கழுத்தைக் கவ்வாமலிருக்க என்பர் சிலர். பகைவர் பெண்களைக் கவர்ந்து செல்லாதபடி அழகைக் கெடுக்க என்பர் வேறு சிலர். அழகைக் கூட்டவே என்பர் இன்னும் சிலர். அழகைக் கெடுக்கவும் அதுவே காரணம், கூட்டவும் அதுவே காரணம்! பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு காரணத்தைத் தொலைத்துவிடுவது கயான் மக்களின் தனிக்குணம் அன்று. நம் வீட்டுச் சடங்குகளில் எத்தனைக்கு நம்மால் காரணம் சொல்ல முடியும்?

இங்கேதான் பகுத்தறிவாளருக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. பித்தளைச் சுருளைக் கண்டவுடன் நம் நாவில் வந்து நிற்கும் சொல், 'மடமை!' என்பது. 'கழற்றி எறியுங்கள்!' என்று முழங்கத் தோன்றுகிறது. முழங்குவது எளிது. மலையேறி வந்து, அரைமணி நேரம் நின்று, அறிவுரை கூறிவிட்டு, மாலைக்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம். அந்தப் பெண் மட்டும் அங்கேயே இருப்பாள். நம் அறிவுரையும் அவள் பசியும் அவளோடு இருக்கும்.

அதற்கு நேர்மாறான குரல் ஒன்றும் உண்டு. 'ஆகா, பழம்பெரும் பண்பாடு! நாகரிகக் கறை படாத மக்கள்! இது அழியலாமா? காப்பாற்ற வேண்டாமா?' என்று உருகும் குரல் அது. உருகுகிறவர் யார் என்று கவனியுங்கள். தன் வீட்டில் புதுமை வேண்டும் என்பார். தன் மகள் கல்லூரியில் படிக்க வேண்டும் என்பார். தன் ஊருக்குச் சாலையும் மின்விளக்கும் மருத்துவமனையும் கேட்பார். கயான் பெண் மட்டும் பாட்டி இருந்தபடியே இருக்க வேண்டும்! தனக்கு வளர்ச்சி, அவளுக்குப் பழமை. தனக்குப் பயணம், அவளுக்குப் பலகணி. அவள் மாறாமல் இருந்தால்தான் இவர் எடுக்கும் படம் அழகாக இருக்கும்!

'கழற்று' என்பவரும் 'கழற்றாதே' என்பவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தோன்றும். கூர்ந்து நோக்கினால் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இருவருமே அவளைக் கேட்கவில்லை!

அரசாங்கங்களும் அப்படியே நடந்துகொண்டன. பர்மாவில் ஆட்சியாளர்கள், தங்கள் நாடு புதுமை நாடாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக வளையம் அணிவதை ஊக்கமிழக்கச் செய்தார்கள். எல்லைக்கு இப்பால் தாய்லாந்தில் அந்த வளையமே வட்டாரத்தின் வருவாயாயிற்று. அங்கே, உலகம் பார்க்கிறது, கழற்று. இங்கே, உலகம் பார்க்க வருகிறது, அணிந்திரு. இருவரும் பார்த்தது உலகத்தின் கண்களை. எவரும் பார்க்கவில்லை அவள் கண்களை.

கணக்கும் பார்ப்போம், காசு வந்து நிற்குமிடத்தில் கணக்குப் பார்க்காமல் அறம் பேசுவது அரைகுறைப் பேச்சு. 2008ஆம் ஆண்டளவில் வெளிவந்த செய்திகளின்படி, வெளிநாட்டவர் ஒருவர் இத்தகைய ஊருக்குள் நுழையத் தந்த கட்டணம் 250 பாட். வளையமணிந்த பெண் ஒருத்திக்குக் கிடைத்த மாதக் கூலி சுமார் 1,500 பாட். அதாவது ஆறு பேர் வாங்கும் சீட்டு, அவளுடைய ஒரு மாதம்! ஏழாவது ஆளிடமிருந்து தொடங்கி வருகின்ற பணம் எந்தப் பைக்குப் போயிற்று என்று கேட்கும் நிலையில் அவள் இல்லை. அந்தக் கூலியும் நெய்வதற்கன்று, பாடுவதற்கன்று, வளையத்துக்கு!

இதன் பொருள் என்ன? பழக்கம் என்றிருந்தது வேலையாயிற்று. நேற்றுவரை பாட்டி சொன்னாள் என்பதற்காக அணிந்தாள். பிறகு உலை கொதிக்க வேண்டும் என்பதற்காக அணிய வேண்டியதாயிற்று. பாட்டியோடு வாதாடலாம்; பசியோடு எப்படி வாதாடுவது? ஐந்து வயதுக் குழந்தைக்கு இன்னும் வளையம் ஏற்றலாமா வேண்டாமா என்று தயங்குகிற தாயின் முன், வளையமணிந்த சிறுமியைப் படமெடுக்க முண்டியடிக்கும் கூட்டம் நிற்கிறது. அந்தத் தாய் எந்தப் பக்கம் சாய்வாள்? தானாக உதிர்ந்திருக்கக்கூடிய பழக்கத்துக்குக் காசு என்னும் முட்டுக்கொடுத்து நிறுத்தியது, அதை வியந்து பார்க்க வந்த கூட்டம்.

ஆயினும் அந்தப் பெண்கள் ஊமைகளாக உட்கார்ந்திருக்கவில்லை. 2006ஆம் ஆண்டில் மே ஹாங் சோன் பகுதியில் இளம்பெண்கள் சிலர் வளையத்தைக் கழற்றினார்கள். படிப்பைத் தொடர வேண்டும் என்று கழற்றியவர்கள் உண்டு. எங்கள் பண்பாட்டைச் சுரண்டாதீர்கள், எங்களைக் கட்டிவைக்காதீர்கள் என்று எதிர்ப்புக் காட்டக் கழற்றியவர்களும் உண்டு. எந்த மேடையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மானம் சொல்லிக் கொடுத்தது!

அதே காலத்தில் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. நியூசிலாந்தும் பின்லாந்தும் கயான் அகதிகளில் சுமார் 20 பேரைக் குடியேற்றிக்கொள்ள முன்வந்தன. 'வாருங்கள்' என்றது அந்நிய நாடு. 'போகக் கூடாது' என்றது தங்கியிருந்த நாடு! சுமார் இரண்டாண்டு அவர்களுக்கு வெளியேறும் அனுமதி மறுக்கப்பட்டது. அதிகாரிகள் கூறிய காரணத்தைக் கேளுங்கள்: இவர்கள் முகாமுக்கு வெளியே வாழ்கிறார்கள், சுற்றுலாவால் பிழைக்கிறார்கள், எனவே அகதிகள் அல்லர்! 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் தாய்லாந்து சேரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 2008 சனவரியில் ஐ.நா.வின் அகதிகள் ஆணையம் இந்த நிலையைக் கண்டித்தது. இவ்வூர்களுக்குச் செல்லவேண்டாம் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டது. 'மனிதக் காட்சிச்சாலை' என்ற சொல் உலகச் செய்திகளில் அடிபட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு சிறு குழு நியூசிலாந்துக்குப் புறப்பட்டது. செப்டம்பரில் வேறு சிலர், குடியேறும் உரிமை பெறுவதற்காக, அகதி முகாமுக்குள்ளேயே சென்று சேர்ந்தார்கள். முகாமுக்குள் சென்ற இளம்பெண்களில் பெரும்பாலோர் வளையத்தைக் கழற்றினார்கள். நாற்பதாண்டுக்கு மேல் அணிந்திருந்த பெண்ணொருத்தியும் கழற்றினாள்!

நாற்பதாண்டுப் பழக்கம், பார்க்க வருவோர் இல்லாத இடத்துக்குப் போனதும் இறங்கியது. இதற்கு மேல் சான்று வேண்டுமா? பழக்கத்தின் பிடி பாதி. பார்வையின் பிடி பாதி.

மனிதரை மனிதர் கட்டணம் கொடுத்துப் பார்க்கும் கொடுமை புதியதன்று. 1930களில் கயான் பெண்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் பெர்ட்ரம் மில்ஸ் சர்க்கஸ் குழுவில் காட்டினார்கள். 1931இல் பாரிசில், குடியேற்ற நாடுகளின் பெருமையைக் காட்டும் கண்காட்சி நடந்த ஆண்டில், புதிய கலிடோனியாவின் கனாக் மக்களை நரமாமிசம் தின்பவர்கள் என்று பொய் சொல்லிக் காட்டினார்கள். 1958இல் பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் காங்கோ நாட்டு ஆடவரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் வேலிக்குள் கைவினை செய்ய உட்காரவைத்தார்கள். வந்தவர்கள் வேலிக்கு மேலிருந்து காசையும் வாழைப்பழத்தையும் எறிந்தார்கள். இழிவு பொறுக்காத அந்த மக்கள் கண்காட்சி முடியும் முன்பே வெளியேறி ஊர் திரும்பினார்கள். குடிசைகள் வெறுமையாக நின்றன.

அவர்களுக்குத் திரும்ப ஓர் ஊர் இருந்தது. கயான் பெண்ணுக்கு? பின்னால் போர், முன்னால் புகைப்படக் கருவி. பிரசல்சில் இருந்தது மரவேலி, தாண்டிவிடலாம். இங்கே இருப்பது குடியுரிமையில்லாமை என்ற வேலி. கண்ணுக்குத் தெரியாத வேலியைத் தாண்டுவது கடினம்.

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கக்கூடும்: 'எல்லாம் சரி. அந்தச் சுற்றுலாவும் இல்லையென்றால் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள்? நிலம் இல்லை, விரும்பிய வேலைக்குச் செல்ல உரிமை இல்லை. நீங்கள் போகாமலிருந்தால் உங்கள் மனச்சான்று தூய்மையாகும். அவர்கள் வயிறு காயும். உங்கள் தூய்மைக்கு அவர்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?'

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கற்பனைக் கேள்வியும் அன்று. 2020இல் கொரோனா நோய் உலகத்தின் பயணத்தை நிறுத்தியபோது, இந்த ஊர்களின் வாயிலில் ஆள் வரவில்லை. படமெடுப்போர் தொல்லை ஒழிந்தது, பிழைப்பும் ஒழிந்தது. 2021 பிப்ரவரியில் பர்மாவில் படைத்தலைவர்கள் மீண்டும் ஆட்சியைப் பறித்தார்கள். கயா மாநிலம் மறுபடியும் போர்க்களமாயிற்று. முன்னால் பசி, பின்னால் குண்டு. அந்த நாட்களில், வாயிலில் ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து நிற்காதா என்று ஏங்கிய தாயை யார் குறை சொல்ல முடியும்? போகாதே என்பது மட்டும் அறமாகிவிடாது. ஆணையம் போகாதே என்று கேட்டுக்கொண்டது, ஒரு குறிப்பிட்ட உரிமைக்காக ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கொடுத்த அழுத்தம். அதை நிலையான விரதமாக்கிக்கொண்டு, நாம் கறைபடாதவர்கள் என்று மார்தட்டினால், அதுவும் ஒருவகைத் தீட்டுக் கொள்கையே!

அப்படியானால் முடிவு என்ன? நாம் கண்ட அளவில், கேள்வி 'போகலாமா, போகக்கூடாதா' என்பதில் இல்லை. 'வளையம் நல்லதா, கெட்டதா' என்பதிலும் முழுமையாக இல்லை. ஒரு பழக்கம் விருப்பமா விலங்கா என்று கண்டறிய ஓர் உரைகல் போதும்: அதை விட்டால் சோறு உண்டா? விட்டவளுக்கும் அதே சோறு, அதே மதிப்பு, அதே வழி திறந்திருந்தால், அணிபவள் அணியட்டும். அது அவள் அழகு, அவள் நினைவு, அவள் தாயின் கைப்பதிவு. அங்கே பெருமிதத்தோடு அணிந்திருக்கும் முதியவர்களும் உண்டு. அணிந்தவளெல்லாம் அடிமை என்று நாம் தீர்ப்பெழுதினால் அது ஆணவம். விட்டவளுக்குச் சோறில்லை என்றால், அணிந்தவளின் புன்னகையைக்கூட விருப்பத்தின் அடையாளமாகக் கொள்ள முடியாது. வெளியேறும் கதவு பூட்டியிருக்கும் வீட்டில், உள்ளே இருப்பவர் விரும்பித்தான் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

இந்த உரைகல்லுக்கு உட்படாத ஒன்றுண்டு. அதில் நாம் சமரசம் செய்துகொள்ள மாட்டோம். ஐந்து வயதுக் குழந்தைக்கு உரைகல்லும் தெரியாது, உரிமையும் தெரியாது. எலும்பை அழுத்தும் சுமையை அந்தக் கழுத்தில் ஏற்றிவிட்டு அதற்கு விருப்பம் என்று பெயரிட எந்தப் பண்பாட்டுக்கும் உரிமை இல்லை; கயான் பண்பாட்டுக்கும் இல்லை, நம் பண்பாட்டுக்கும் இல்லை. வளர்ந்தபின் அவளே அணியட்டும். அதுவரை அந்தக் கழுத்து அவளுக்காகக் காத்திருக்கட்டும்.

பகுத்தறிவின் வேலை பிறர் கழுத்திலிருப்பதை நாமே கழற்றுவதன்று. அணியவும் கழற்றவும் அவள் கையை விடுவிப்பது. கையை விடுவிப்பவை எவை? குடியுரிமை. விரும்பிய ஊருக்குச் செல்லும் உரிமை. செய்யத் தெரிந்த வேலையைச் செய்யும் உரிமை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். இவை வந்தால், வளையம் இருப்பதா போவதா என்பதை அவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள். இவை வராமல் வளையம் மட்டும் போனால், கழுத்து இலேசாகும், வாழ்வு இலேசாகாது.

வழி அறவே இல்லை என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். பாய் ஆற்றில் படகேறிச் சென்றால் வரும் ஹுவாய் பூ கெங்கில், அண்மை ஆண்டுகளில் ஊரார் வேறொரு முறையை முயன்றிருக்கிறார்கள். வருகிறவர் வெறுமனே பார்த்துவிட்டுப் போகாமல், உட்கார்ந்து துண்டு நெய்யக் கற்கலாம், மரம் செதுக்கக் கற்கலாம், இரவு தங்கலாம். அங்கே அவள் காட்சிப்பொருள் அல்லள், ஆசிரியை. வந்தவர் எசமானர் அல்லர், மாணவர். நெய்யத் தெரிந்த கைக்குக் காசு கிடைத்தால், வளையமில்லாத கழுத்துக்காரியும் அந்தக் காசைப் பெறலாமல்லவா? குடியுரிமைக்கு அது ஈடாகாது. ஆனாலும் பார்வை கழுத்திலிருந்து கைக்கு இறங்கியிருக்கிறது. சியாங் மாய் நகரையடுத்து, பல இனத்தாரையும் ஒரே வளாகத்தில் குடியேற்றி, ஒரே சீட்டில் எல்லோரையும் காட்டும் இடங்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இறங்கிய தூரம் சிறிதன்று.

இதையெல்லாம் நமக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்களானால், நாமும் இப்போது சுற்றுலாப் பயணிகள் என்பதால்! 2023 நவம்பரிலிருந்து இந்தியர்க்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து அறிவித்தது. நம் ஊர் இளைஞர்களும் அங்கே செல்கிறார்கள். ஒருகாலத்தில் வெள்ளையர் நம்மை விந்தையாகப் பார்த்தார்கள்; படமெடுத்தார்கள்; அளந்தார்கள்; நூல் எழுதினார்கள். அந்தப் பார்வை சுட்டதை மறந்துவிட்டு, அதே பார்வையை இன்னொரு எளிய மக்கள்மீது வீச நாம் கற்றுக்கொண்டால், விடுதலை பெற்றதாக எப்படிச் சொல்லிக்கொள்வது?

நம்மைப் பற்றித் தொடங்கினோம். நம்மைப் பற்றியே முடிக்கிறோம். அந்த ஊரில் நாமும் முதலில் கழுத்தைத்தான் பார்த்தோம். முகத்தைப் பார்க்கச் சற்று நேரம் பிடித்தது. வளையமில்லாத அந்த இளம்பெண்ணின் கடைமுன் நின்றபோது, வழிகாட்டியின் வாயிலாக 'ஏன் கழற்றினாய் அம்மா?' என்று கேட்க நா துடித்தது. கேட்கவில்லை. நம் உடையைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் வழிப்போக்கர் ஒருவர் அப்படிக் கேட்டால் நாம் விடை சொல்வோமா? துண்டின் விலையைக் கேட்டோம், சொன்னாள், கொடுத்தோம், மடித்துத் தந்தாள். படமெடுக்கவில்லை. துண்டு வாங்கியதால் நம் கணக்குத் தீர்ந்துவிட்டதாக எண்ணவும் இல்லை.

வாயிலைக் கடந்து வெளியே வந்தபோது, சீட்டின் கிழிந்த பாதி பையில் இருந்தது. ஓர் எண்ணம் குத்தியது. அவள் ஊரை நாம் பார்த்துவிட்டோம். அவள் நம் ஊரைப் பார்க்க விரும்பினால்? நம் தெருவில் நடக்க, நம் வீட்டு அடுப்பைப் பார்க்க, நம் பெண்களின் காதையும் மூக்கையும் கழுத்துத் தாலியையும் சுட்டிக்காட்டி 'இது வலிக்காதா?' என்று கேட்க அவள் வந்தால், எவ்வளவு கட்டணம் கேட்போம்?

கேட்க நேராது. அவள் வரமாட்டாள். அவள் போன்றோர் பலருக்கு இன்னும் எந்த நாடும் குடியுரிமை தரவில்லை. கடவுச்சீட்டு தருவார் இல்லை. நமக்கு வாயிற்சீட்டு எளிதாகக் கிடைத்தது. அவளுக்குக் கடவுச்சீட்டு கிடைக்கும் நாள் வந்தால், அன்று அந்த ஊரின் வாயிலில் சீட்டு விற்பவர் எவரும் இருக்கமாட்டார்.